சுக்கா பிரமாதம், வாசல்தான் தப்பான பக்கம்

பெங்களூரு ஹலசூர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில், மெயின் ரோடும் குறுக்குத் தெருவும் சேரும் முக்கில் இருக்கிறது இந்த மிலிட்டரி ஓட்டல், அதாவது அசைவச் சாப்பாட்டுக் கடை. கீழே 44 இருக்கை, மாடியில் 30. மதுரைக் கைப்பக்குவம். இப்போது பீர் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். பின்வீட்டு அம்மா ஆட்சேபணை மனு கொடுத்திருக்கிறார். விசாரணை முடியாததால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. சாப்பாட்டையும் அந்த மனுவையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உரிமம் கிடைத்தால் முதலில் மாறப்போவது அடுப்படிதான்.

மட்டன் சுக்காவுக்காகவே இங்கே போகலாம். எலும்போடு சின்னதாக நறுக்கிய வெள்ளாட்டுக் கறி, குக்கரில் வேகவைக்காமல், சின்ன வெங்காயத்தோடும் பூண்டோடும் இரும்புச் சட்டியில் அதன் தண்ணீரிலேயே வேகிறது. மிளகும் சோம்பும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் விழுகின்றன. ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தால் தெரியும்: உள்சதை வரை பழுப்பு ஏறியிருக்கும், எலும்பின் குழியில் மசாலா ஒட்டியிருக்கும், தட்டின் ஓரத்தில் கொழுப்பு தெளிந்து நிற்கும். முன்கூட்டியே வேகவைத்து, ஆர்டர் வந்ததும் மசாலாவில் புரட்டித் தரும் கடைகளில் கறியின் ஓரம் நார் நாராகப் பிரியும், உள்ளே வெளிறிக் கிடக்கும். ஒரு தட்டு 340 ரூபாய், கொடுக்கலாம். மதியச் சாப்பாட்டில் எலும்புக் குழம்பும் ரசமும் நன்றாக இருக்கின்றன. சீரகச் சம்பா பிரியாணியை இரவு 9 மணிக்கு மேல் வாங்காதீர்கள், அடிப்பாத்திரத்துச் சோறு காய்ந்துவிடுகிறது. பரோட்டா சுமார்.

நெத்திலி வறுவல் இப்போதே நல்ல பெயர் வாங்கிவிட்டது. பீர் வந்தால் இரவு முழுக்க அதுதான் ஓடும். ஆனால் வறுவலுக்கு இருப்பது ஒரே சட்டி. நெத்திலிக்கு எண்ணெய் 180 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அவசரத்தில் சட்டி கொள்ளாத அளவுக்கு மீனைக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கி, மொறுமொறுப்புக்குப் பதிலாக எண்ணெய் குடித்த மீன்தான் தட்டுக்கு வரும். கோழியும் மீனும் ஒரே எண்ணெயில் பொரிந்தால் உதிர்ந்த மாவும் செதிலும் கருகி, எண்ணெய் சீக்கிரம் கெடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 2018 ஜூலை முதல், மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அது சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. அதை அளக்கக் கையடக்கக் கருவி உண்டு. கருவி இல்லாவிட்டாலும், எண்ணெய் நுரை அடங்காமல் பொங்கினாலோ, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தாலோ மாற்றிவிட வேண்டும். மீனுக்குத் தனிச் சட்டி வாங்கிய பிறகு பீர் ஊற்றட்டும்.

அடுத்து உரிமம். பார் நடத்துவதற்கான சி.எல்.-9 உரிமம் கர்நாடகத்தில் 1992 முதல் புதிதாகத் தரப்படாமல் இருந்ததால், ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து மாற்றி வாங்குவதுதான் வழக்கம். அந்த விலை இந்த அளவு ஓட்டலுக்குக் கட்டுப்படியாகாது. சி.எல்.-7 கேட்கலாமென்றால் தங்கும் அறைகள் வேண்டும். அதனால்தான் பீர் மட்டும் விற்கிற ஆர்.வி.பி. உரிமத்தைக் கேட்டிருக்கிறார்கள். சரியான தேர்வு. எக்சைஸ் (கலால் துறை) இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்த்து, மகஜர் (நேரில் பார்த்ததைப் பதிவு செய்யும் அறிக்கை) எழுதி, வரைபடம் சேர்த்து மேலே அனுப்புவார். ஆட்சேபணை செய்பவர் முதலில் வாங்கிப் படிக்க வேண்டியது அந்த மகஜரையும் வரைபடத்தையும்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு நகல் கேட்கலாம்.

பின்வீட்டு அம்மாவின் மனுவை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குடும்பங்கள் வாழும் தெரு, பெண்கள் நடமாடும் இடம், குடிகாரர்கள் கூடுவார்கள் என்று இரண்டு பக்கம். அதே அம்மா முதலாளியிடம் நேரில் சொன்னது வேறு: "தம்பி, நீ பீர் வித்தா எனக்கென்ன, பால் வித்தா எனக்கென்ன? ராத்திரி அந்த பாட்டில் சத்தத்தையும், சமையல்கட்டுக்குள்ள வர்ற இந்தப் புகையையும் நிறுத்து." இந்த இரண்டும் மனுவில் இல்லை! அதுதான் வருத்தம். வருங்காலக் குடிகாரர்களைப் பற்றிய பயத்தை அதிகாரியால் அளக்க முடியாது. ஜன்னலுக்கு நேரே நிற்கும் புகைக்குழாயைப் படமெடுத்துக் காட்டலாம், இத்தனை மணிக்கு இத்தனை சத்தம் என்று தேதியோடு எழுதிக் கொடுக்கலாம். மனுவைக் கலால் துணை ஆணையர் அலுவலகம், மாநகராட்சி சுகாதாரப் பிரிவு, போலீஸ் ஸ்டேஷன் என மூன்று இடத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

மனுவில் விட்டுப்போன இன்னொரு விஷயம் இவற்றையெல்லாம்விடப் பெரியது. கர்நாடகக் கலால் உரிமங்கள் பொது நிபந்தனை விதிகள், 1967-இன் 5-ஆவது விதிப்படி, பள்ளி, கோயில், ஆஸ்பத்திரி போன்றவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. கைபேசி வரைபடத்தில் பறவை பறக்கிற கோடு போட்டுக் காட்டினால் எடுபடாது. கடை வாசலின் நடுவிலிருந்து, ஆட்கள் வழக்கமாக நடந்துபோகும் மிகக் குறுகிய வழியாக, அந்த நிறுவனத்தின் மிக அருகிலுள்ள கேட்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். குறுக்குத் தெருவின் கோடியில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. கடையின் வரைபடத்தில் அதன் முன்கேட் மட்டும் காட்டப்பட்டிருக்கிறது. அங்கே வரை 130 மீட்டருக்கு மேல். ஆனால் பிள்ளைகள் தினமும் வந்துபோவது பக்கவாட்டுக் கேட் வழியாக. இப்போதைய வாசலிலிருந்து டேப் பிடித்தால் 94 மீட்டர்தான் வருகிறது.

வாசல் குறுக்குத் தெருவில் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். அதை மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பினால் கட்டடத்தின் நீளத்தையும் சுற்றி நடக்க வேண்டியிருக்கும். பள்ளிக்குத் தூரம் 110 மீட்டரைத் தாண்டும். இடம் கிடைக்கக் காத்து நிற்பவர்களும், சிகரெட் பிடிக்க வெளியே வருபவர்களும், ஆட்டோவும் அந்த அம்மாவின் சுவரோரத்தை விட்டு மெயின் ரோட்டுக்குப் போய்விடுவார்கள். கல்லாவை இடம் மாற்றி, முன்சுவரில் ஒரு ஷட்டர் அளவுக்குத் திறக்கும் வேலைதான். பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைக்கக் கூடாது. 74 பேர் உட்காரும் இடத்துக்கு அது அவசரவழி. வெளிப்பக்கம் திறக்கும் கதவும், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பியும் போட்டு, பூட்டு போடாமல் வைக்க வேண்டும். வாடிக்கையாளர்களை அந்தப் பக்கமாக விட்டால் அதுவும் வாசல் கணக்கில் சேர்ந்துவிடும், 94 மீட்டர் மறுபடி தலைதூக்கும்.

புகைக்குழாய் விஷயத்தில் முழுத் தவறும் கடையுடையது. முதல் மாடி உயரத்தில், பின்வீட்டு ஜன்னலுக்கு எதிரே குழாய் முடிகிறது. வழியில் மூன்று இடத்தில் 90 டிகிரி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும், எண்ணெய்ப் பிசுக்கு படியும். அடுப்பிலிருந்து ஒரு தீப்பொறி மேலே போனால் அந்தப் பிசுக்குதான் எரியும். மாடியைத் தாண்டி இரண்டு மீட்டர் உயர்த்தி, வளைவுகளை 45 டிகிரியாக மாற்றி, ஒவ்வொன்றிலும் சுத்தம் செய்யக் கதவு வைக்க வேண்டும். விசிறியைக் குழாயின் மேல்முனையில் பொருத்தினால் இடையில் எங்கே ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளேதான் இழுக்கும், வெளியே கசியாது. அடியில் ரப்பர் தாங்கி இல்லாவிட்டால் விசிறியின் அதிர்வு சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக் கட்டில் வரை போகும். ஹூடில் (அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் கூடு) இருக்கும் வலையை எடுத்துவிட்டு பேஃபிள் ஃபில்டர் (புகையை வளைத்துத் திருப்பி எண்ணெயைப் பிரிக்கும் தகடு வடிகட்டி) போடட்டும், வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவட்டும்.

பாட்டில் சத்தத்துக்குப் பெரிய செலவே இல்லை. இப்போது பன்னீர் சோடா பாட்டில்களை இரவு 11 மணிக்குப் பின்சந்தில் கிரேட்டுக்குள் ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். சந்தில் இருபக்கமும் சுவர் என்பதால் ஒவ்வொரு 'டங்'கும் இரண்டு மடங்காகக் கேட்கிறது. நாளைக்கு 650 மில்லி பீர் பாட்டில்கள் வந்தால் எண்ணிக்கை கூடும். காலிகளை உள்ளேயே அட்டைத் தடுப்புள்ள பெட்டியில் அடுக்கி வைத்து, காலை 8 மணிக்கு மேல் வெளியே எடுத்தால் போதும். பாட்டு போடுவதாக இருந்தால், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபல் வரைதான் போகலாம். மாடி ஜன்னல் திறந்திருந்தால் இந்த அளவுக்குள் பாட்டு வைக்கவே முடியாது. ஸ்பீக்கரே வேண்டாம்.

கேஸ் பக்கமும் ஒரு வார்த்தை. 19 கிலோ சிலிண்டர் ஐந்து இருந்தால் 95 கிலோ. ஆறாவது வந்தால் 114. 100 கிலோவுக்கு மேல் சமையல் எரிவாயு வைக்கத் தனி உரிமம் தேவை. வறுவல் கூடினால் ஆறாவது சிலிண்டர் தானாக உள்ளே வந்துவிடும். கசியும் எரிவாயு காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் இப்போது திறந்த சாக்கடைத் துளை இருக்கிறது. அதை மூட வேண்டும்.

நகரத்து பார்களுக்கு இரவு 1 மணி வரை அனுமதி உண்டு. இந்தத் தெருவுக்குக் கடைசி பீர் ஆர்டர் 10:30, கடை மூடுவது 11:30 என்று முதலாளியே எழுதிக் கொடுத்தால் அந்த அம்மா பேச்சுக்கு வருவார். எழுதிக் கொடுக்கும் தாளில் புகைக்குழாய் வேலை முடியும் தேதியும் இருக்கட்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரமாட்டோம் என்ற பலகையைக் கல்லாவில் வைத்தால் போதாது. மாடியில் கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம், அடையாள அட்டை பார்க்க மாடிக்கே ஒரு ஆள் வேண்டும்.

அதுவரை மதியம் 12:45-க்குப் போங்கள். சுக்காவின் முதல் சட்டி அப்போதுதான் இறங்குகிறது, 2 மணிக்குள் தீர்ந்துவிடும். வண்டியைக் குறுக்குத் தெருவில் நிறுத்தாதீர்கள், மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.