பாண்டி, காரைக்கால் குடும்பங்களோட பழைய எத்தா சிவில் ரிஜிஸ்டர் வீட்ல இருந்தே பாக்கலாம்: அனோம் வெப்சைட் ரிவியூ

பாண்டி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர், இந்த அஞ்சு ஊர்ல எங்கயாவது உங்க தாத்தா பாட்டி வேர் இருந்தா இந்த வெப்சைட்ட ஒரு தடவையாவது திறந்து பாத்துடுங்க. ஃப்ரான்ஸ்ல எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ்ங்கிற ஊர்ல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகம், கடல்கடந்த காலனி நாடுகளோட பேப்பர் எல்லாம் அங்க தான் இருக்கு, சுருக்கமா அனோம்ம்பாங்க. எத்தா சிவில்னு சொல்ற பழைய பிறப்பு, கல்யாணம், இறப்பு ரிஜிஸ்டர ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போட்டிருக்காங்க. காசு கிடையாது, அக்கவுண்ட் கிடையாது, லாகின் கிடையாது. குடும்ப வரலாறு தேடுறதுக்கு நான் பாத்த இடங்கள்ல இதுக்கு தான் முதல் இடம் குடுப்பேன்.

நம்ம ஊர் ரிஜிஸ்டர் அங்க எப்படி போச்சுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், ஏன்னா அது தெரிஞ்சா தான் என்ன கிடைக்கும் என்ன கிடைக்காதுன்னு புரியும். 1776ல ஃப்ரெஞ்சு ராஜா ஒரு உத்தரவு போட்டாரு, ஒவ்வொரு காலனியும் தன்னோட பதிவுகள இன்னொரு காப்பி எழுதி கப்பல்ல வெர்சாய்க்கு அனுப்பணும்னு. கரையான், ஈரம், புயல், சண்டை எல்லாத்துலயும் இங்க இருக்கிறது அழிஞ்சாலும் அங்க ஒண்ணு இருக்கட்டும்னு. அந்த ஒரு உத்தரவால தான் இன்னைக்கு நாம போன்ல ஜூம் பண்ணி பாட்டனாருக்கு பாட்டனார் கல்யாணத்த படிக்க முடியுது. ஆனா 1793ல பாண்டிய பிரிட்டிஷ்காரங்க பிடிச்சு 1816ல தான் திருப்பிக் குடுத்தாங்க, அதனால அந்த இடைப்பட்ட காலத்த தேடுறவங்க எல்லாம் வரிசையா கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க.

தேடுற முறை தான் புதுசா வர்றவங்கள கொஞ்சம் மிரட்டும். பேர போட்டு சர்ச் பண்றது அல்ஜீரியா பதிவுகளுக்கு தான். நம்ம பக்கத்துக்கு ஊரு, வருஷம், பிறப்பா கல்யாணமா இறப்பான்னு தேர்ந்தெடுத்தா அந்த ரிஜிஸ்டர் படமா திறக்கும், அப்புறம் பக்கம் பக்கமா புரட்ட வேண்டியது தான். அதனால பேர விட வருஷம் முக்கியம், வருஷத்த விட ஊரு முக்கியம். உக்கார்றதுக்கு முன்னாடி வீட்ல பெரியவங்க கிட்ட, அத்தை, சித்தப்பா யாரா இருந்தாலும் சரி, யாரு யாருக்கு மூத்தவங்க, எந்த தெரு, எந்த புயல் வருஷம் பொறந்தாங்க, இதெல்லாம் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பல ரிஜிஸ்டர்ல கடைசி பக்கங்கள்ல அந்த வருஷத்து பேர் பட்டியல் இருக்கும், அத முதல்ல பாத்துட்டு அப்புறம் உள்ள போனா பாதி நேரம் மிச்சம்.

ஊர்னு சொன்னேன்ல, அதுல ஒரு விஷயம். எங்க வீட்ல எல்லாரும் "நாம காரைக்கால்"ன்னு தான் சொல்லுவாங்க. ஆனா காரைக்கால் பகுதிக்குள்ளயே தனித்தனி கொம்யூன், அதாவது முனிசிபாலிட்டி மாதிரி உள்ளூர் நிர்வாகப் பகுதி, இருந்துச்சு, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி இப்படி. திருமலைராயன்பட்டினம் ஃப்ரெஞ்சு பதிவுல அந்த பேர்ல இருக்காது, கிராண்ட் அல்தேன்னு தான் இருக்கும். எங்க அம்மா வழி பூட்டனார் கல்யாணப் பதிவு அங்க தான் கிடைச்சுது. டி.ஆர்.பட்டினத்து ஆளுங்க யாராவது இத படிச்சா இந்த பேர குறிச்சு வச்சுக்கோங்க. பாண்டி பக்கம்னா உழவர்கரை, வில்லியனூர், பாகூர் இதெல்லாமும் தனியா பாக்கணும்.

கண்டுபிடிச்சா என்ன கிடைக்கும்? ஒரு கல்யாணப் பதிவுல மாப்பிள்ளை பொண்ணு வயசு, தொழில், எங்க குடியிருக்காங்க, ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேரு, சாட்சிங்க யாரு, சாட்சிங்க என்ன தொழில், எல்லாம் ஒரே பக்கத்துல. சாட்சிங்கள விட்றாதீங்க, பெரும்பாலும் மாமனோ பங்காளியோ தான் வந்து நிப்பாங்க, அத வச்சே இன்னொரு கிளைக்கு போயிடலாம். சில பதிவுகள்ல கீழ கையெழுத்து தமிழ்லயே இருக்கும். சுத்தி எல்லாம் சாய்ஞ்ச ஃப்ரெஞ்சு எழுத்து, நடுவுல நம்ம எழுத்துல ஒரு பேரு, எங்க அம்மாகிட்ட காட்டினப்போ ரொம்ப நேரம் ஸ்க்ரீன விட்டு கண்ண எடுக்கல.

இப்ப ரொம்ப முக்கியமான இடம், ரெனோன்சான் குடும்பங்களுக்கு, அதாவது நம்ம வழக்கச் சட்டத்த விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தவங்க குடும்பங்களுக்கு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, நம்ம மத, சாதி வழக்கச் சட்டத்த விட்டுட்டு ஃப்ரெஞ்சு சிவில் சட்டத்துக்கு கீழ வர்றேன்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கலாம், குடுத்தா திரும்ப மாத்த முடியாது, பொண்டாட்டிக்கும் மைனர் பிள்ளைங்களுக்கும் சேத்து தான். அப்படி எழுதிக் குடுக்கும்போது ஒரு குடும்பப் பேரும் எடுத்துக்கணும். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, 1873ல ஷூ போட்டுட்டு கோர்ட்டுக்குள்ள வந்ததுக்காக தண்டிக்கப்பட்டு பாரிஸ் வரைக்கும் போயி ஜெயிச்சவரு, அவரு லபோர்த்ங்கிற பேர எடுத்தாரு. இதனால என்ன ஆகும்னா, இன்னைக்கு உங்க பாஸ்போர்ட்ல இருக்கிற குடும்பப் பேர வச்சு 1881க்கு முன்னாடி தேடினா ஒண்ணுமே வராது, அந்த பேரு அப்ப பொறக்கவே இல்ல. மனுஷன் அங்க தான் இருப்பாரு, வெறும் சொந்த பேரும் அப்பா பேருமா. கூடப்பொறந்த அண்ணன் தம்பி வேற வேற பேர் எடுத்திருக்கலாம், ஒருத்தர் எழுதிக் குடுத்து இன்னொருத்தர் குடுக்காமலும் இருந்திருக்கலாம். அதனால அந்த வருஷங்கள தாண்டும்போது அப்பா பேரு, தொழில், தெரு மூணும் ஒத்து வருதான்னு பாத்து தான் தாண்டணும். நிறைய பேரு "எங்க தேடல் 1880களோட முடிஞ்சுபோச்சு"ன்னு விட்டுடறாங்க, விடாதீங்க ப்ளீஸ், வழி இருக்கு.

மொழி ஃப்ரெஞ்சு தான், சைட்டும் சரி பதிவும் சரி. ஆனா பயப்பட வேணாம், ஒவ்வொரு பதிவும் ஒரே அச்சுல வரும், பத்து பதினஞ்சு சொல்லு பழகிட்டா போதும், பொறந்தார், மகன், மகள், விதவை, நெசவாளி, விவசாயி இப்படி. தேதியும் வருஷமும் எண்ல இல்லாம எழுத்துல எழுதியிருப்பாங்க, அதனால ஃப்ரெஞ்சு எண்ணுப் பேர்கள மட்டும் ஒழுங்கா கத்துக்கோங்க. நம்ம பேர்கள கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பாரு, ஒரே ஆளு முத்துசாமியா ஒரு பக்கம், மூத்துசமியா இன்னொரு பக்கம் இருப்பாரு. வாய்விட்டு படிச்சா டக்குனு பிடிபடும், கண்ணால மட்டும் பாத்தா தப்பிச்சுடும்.

எனக்கு பெரிய சந்தோஷம் குடுத்தது இன்னொண்ணு. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளோட ரிஜிஸ்டரும் இதே சைட்ல தான் இருக்கு. 1853ல ஒரேலிங்கிற கப்பல்ல மார்த்தினிக்குக்கு முதல் கூட்டம் போச்சு, அடுத்த வருஷ கடைசியில அதே கப்பல் குவாதலூப்புக்கு போச்சு, கரும்புத் தோட்ட வேலைக்கு. பாண்டி, காரைக்கால் துறைமுகத்துல இருந்து ஏறினவங்கள்ல தஞ்சாவூர், தென்னார்க்காடு பக்கத்து ஆளுங்களும் உண்டு. அந்தத் தீவுப் பதிவுகள்ல பல இடத்துல ஆளோட மட்ரிக்யூல் நம்பர், அதாவது அவரோட பதிவு எண், எழுதியிருக்கும், அத பிடிச்சா எந்த கப்பல், எந்த வருஷம்னு மேல தேடலாம். "ஒருத்தர் கப்பல் ஏறினாரு, திரும்பி வரல"ன்னு ஒரு வரியோட நின்னுபோன கதை எத்தனை வீட்ல இருக்கு.

ஆன்லைன்ல நூறு வருஷத்துக்கு மேல பழசு தான் போடுவாங்க, தனிப்பட்ட விவரம்கிறதால, அது நியாயம் தான். அதுக்கு அப்புறம் உள்ளது ஃப்ரெஞ்சு குடியுரிமைக்காரங்களுக்கு நாந்த் ஊர்ல இருக்கிற வெளியுறவு அமைச்சக எத்தா சிவில் ஆபீஸ்ல கேக்கணும், மத்தவங்க இங்க உள்ளூர் முனிசிபாலிட்டில. படத்த டவுன்லோட் பண்ணும்போதே ஊரு, வருஷம், பதிவு எண் மூணையும் ஃபைல் பேர்லயே போட்டு வச்சுக்கோங்க, ஏன்னா நாந்த்துக்கு எழுதினாலும் முனிசிபாலிட்டில போயி நின்னாலும் முதல்ல அததான் கேப்பாங்க.