ஆம்புலன்ஸுக்கு மொய் விருந்து: கறி நன்று, கணக்கு அதைவிட நன்று, வண்டிக்குள்தான் ஆள் இல்லை

ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் எந்த ரோட்டில் போனாலும் மொய் விருந்து பேனர்தான். கஜா புயலுக்கு முன்பிருந்த ஜோர் இப்போது இல்லை. தென்னை மொத்தமும் சாய்ந்த பிறகு பல வீடுகளில் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யவே வழியில்லாமல் போனது. இந்த வருஷம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு விருந்தின் பேனரில் மட்டும் ஆள் படம் எதுவும் இல்லை. ஒரு வெள்ளை வேன் நின்றது. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஆம்புலன்ஸ் அறக்கட்டளைக்காக மொய் விருந்து. ஊர்ப் பேரையும் அறக்கட்டளைப் பேரையும் நான் இங்கே போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதனால்தான். நம்ம பக்கத்து ஆட்களுக்குப் படித்ததுமே புரிந்துவிடும்.

நான் பாத்திரம், பந்தல் வாடகைக் கடை வைத்திருக்கிறேன். விருந்துக்குப் போனால் எல்லோரும் இலையைப் பார்ப்பார்கள், நான் அண்டாவைப் பார்ப்பேன். இந்த விருந்துக்குச் சாமான் என் கடையிலிருந்து போகவில்லை, இன்னொருவர் போட்டார். பாராட்டினால் எனக்கு லாபம் கிடையாது, திட்டினால் பொறாமை என்பார்கள். சரி, இருக்கட்டும்.

மொய் விருந்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பணம் தேவைப்படுகிற சிலர் சேர்ந்து பந்தல் போட்டு, கிடா வெட்டிச் சோறு போடுவார்கள். சாப்பிட வருகிறவர்கள் அவரவருக்கு வேண்டியவர் நோட்டில் மொய் எழுதுவார்கள். முன்பே அவர் நமக்குச் செய்திருந்தால் அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். முதல் தடவையாகச் செய்தால் அது புதுநடை. வட்டியில்லாக் கடன் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். மொய் பாக்கி வைத்தவன் கடைத்தெருவில் படுகிற பாட்டை அவர்கள் பார்த்ததில்லை போல.

இந்த முறைக்குள் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? வேன் நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து திருப்பிச் செய்யாதே! பந்தல் வாசலிலேயே அதற்குப் பதில் வைத்திருந்தார்கள். ‘இங்கு எழுதும் மொய்க்குத் திருப்பிச் செய்முறை கிடையாது’ என்று பெரிய தட்டி. அப்படியும் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மொய் எழுதுகிற தம்பியை விடவில்லை.

“ஏன் மாப்ள, புதுநடைன்னு எழுதுறியா, எப்படி?”

“தர்மம்னு எழுதுறேன் மாமா.”

“தர்மத்துக்கு எதுக்குடா நோட்டு?”

“நாளைக்கு யாரு குடுத்தா, யாரு குடுக்கலைன்னு நீங்கதானே மாமா வந்து கேப்பீங்க?”

பெரியவர் சிரித்துக்கொண்டே ஆயிரம் எழுதினார். வெளியூரில் இருக்கிற மகன் பேரில் தனியாக ஐந்நூறு. நோட்டு இல்லாமல் உண்டியல் மட்டும் வைத்திருந்தால் அந்த ஐந்நூறு வந்திருக்காது என்பது என் எண்ணம். எங்கள் ஆட்களுக்குப் பேர் ஏற வேண்டும், ஊர்ப் பேரும் அப்பா பேரும் சேர்ந்து ஏற வேண்டும். அதைப் புரிந்துகொண்டு செய்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கறியை ஒரே அண்டாவில் அடைக்காமல் நாலு தேக்சாவில் பிரித்து ஏற்றியிருந்தார்கள். சமையல்காரர் விஷயம் தெரிந்தவர். அண்டாவை வாய்வரை நிறைத்தால் அடியில் இருப்பது கரைந்துவிடும், மேலே இருப்பது வேகாது. இங்கே எலும்புக்கறியும் சரி, ஈரலும் சரி, பதம் தப்பவில்லை. குழம்பில் மிளகும் சோம்பும் தெரிந்தன, தேங்காய் அளவோடு இருந்தது. சோறு கடைசிப் பந்தி வரைக்கும் சூடாக வந்தது. ரசத்தைப் பற்றிப் பேச வேண்டாம், புளித்தண்ணீர். சைவப் பந்தியை ஓரமாக ஒதுக்கியதோடு, அதற்கு இலை போட அரை மணி நேரம் தாமதம் வேறு. அப்புறம், கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால் கீறவில்லை. இரண்டாம் பந்தியிலேயே சேறு. அது பந்தல்காரர் பார்க்க வேண்டிய வேலை. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் மனசாரப் பாராட்டுவது கணக்கை. நன்கொடை விருந்து என்ற பேரில் நடக்கிற பலவற்றில் வந்த பணத்தில் பாதி சோற்றுக்கே போய்விடும். இங்கே கிடாய், அரிசி, தேங்காய், விறகு, இலை எல்லாம் பொருளாகவே வந்தவை. யார் எதைக் கொடுத்தார் என்று தனிப்பலகை. சமையல் கூலியையும் பந்தல் வாடகையையும் இரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஆக, மொய்ப்பணத்தில் ஒரு ரூபாய்கூட விருந்துக்குத் தொடவில்லை. சாயங்காலம் மேடையிலேயே எண்ணும் இயந்திரத்தை வைத்து, மேசைவாரியாக எண்ணி, மைக்கில் சொன்னார்கள். அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்டிய சீட்டின் நகலை டீக்கடைச் சுவரில் ஒட்டியதும் நடந்தது.

மைக்கில் இன்னொன்றும் தெளிவாகச் சொன்னார்கள், இதை மற்ற ஊர்க்காரர்களும் கவனிக்கலாம். வருமான வரியில் நன்கொடைக்கான கழிவு வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது; காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ என்று வர வேண்டும். மொய் நோட்டில் பேர் ஏறினால் போதாது, அறக்கட்டளை ரசீது தனியாக வேண்டும். புதிய வரிமுறையில் போகிறவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. சிங்கப்பூரில், துபாயில் இருக்கிற பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கு மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும், இவர்களிடம் அது இல்லை, ஆகவே அனுப்பாதீர்கள். வருகிற பணத்தை வேண்டாம் என்று மைக்கில் சொல்கிற அமைப்பை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி வண்டி. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா அடித்தபோது எங்கள் ரோடுகளில் தென்னையும் மின்கம்பமும் குறுக்கே கிடந்தன. எந்த வண்டியும் உள்ளே வர முடியவில்லை. உள்ளூரிலேயே ஒரு வண்டி நிற்க வேண்டும் என்ற பேச்சு அப்போது கிளம்பியது, வண்டி வர வருஷங்கள் ஆயின. வந்தது ஃபோர்ஸ் டிராவலர். விருந்தன்று பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள். நானும் ஏறினேன்.

உள்ளே சுத்தம். ஸ்ட்ரெச்சர் ரெக்சின் கிழியவில்லை, மடக்கி நிமிர்த்தும்போது சக்கரம் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர் சிறியது, பி டைப். நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். டிரைவர் தம்பி சாவியை மாட்டித் திறந்தான். மீட்டர் முள் எழுந்து பாதியைத் தாண்டவில்லை. நிமிஷத்துக்கு 5 லிட்டர் வைத்தால் முழு சிலிண்டர் ஐந்து மணி நேரம் வரும், 10 லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரம். பாதி என்றால் அதிலும் பாதி. பட்டுக்கோட்டைக்கு அது தாராளம். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு தாண்டித் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வரைக்கும் மூச்சுத் திணறும் ஆளைக் கொண்டுபோவதென்றால் முள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. “மாற்று சிலிண்டர் எங்கே தம்பி?” என்றேன். “ஆபீசில இருக்குண்ணே.” ஆபீசில் இருந்து என்ன பிரயோஜனம்?

வெளிப்பக்கம் இன்னொரு கூத்து. கண்ணாடி தவிர நாலு பக்கமும் கொடையாளர் பேர். அத்தனைக்கும் நடுவில் போன் நம்பரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த நம்பரை அடித்தாலும் ராத்திரியில் எடுப்பதில்லை என்று ஊரில் பேச்சு. நானே ஒரு ராத்திரி அடித்துப் பார்த்து, கடைசியில் டிரைவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். தம்பி ஐந்து நிமிஷத்தில் வண்டியை எடுத்துவிட்டான், அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வண்டியின் அருமை தெரிவது அவசரத்தில் அல்ல, அலைச்சலில். என் சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது கால் பின்னும், கண் இருட்டும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? 108-ஐக் கேட்டால் வராது, அது அவசரத்துக்கான வண்டி. தனியார் வண்டிக்கு ஒவ்வொரு தடவையும் கொடுத்து மாளாது. இந்த வேன் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு கூட்டிப்போய், காத்திருந்து, வீட்டு வாசலில் இறக்குகிறது. முடியாதவர்களிடம் டீசலும் கேட்பதில்லை. இடுப்பு எலும்பு உடைந்து தஞ்சாவூரில் படுத்திருந்த கிழவியைக் கட்டிலோடு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாலு பேர் வருவான், கொண்டுவர ஒருத்தன் வரமாட்டான்’ என்று சித்தி சொல்வார். அந்த ஒருத்தன் இந்த வண்டிதான்.

ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், விபத்து என்றால் முதலில் 108-ஐ அழையுங்கள். அதை இந்த அறக்கட்டளைக்காரர்களே மைக்கில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய நாளிலிருந்து 108 இலவசம். முக்கியமாக அதில் டிரைவர் தவிர, பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வர மருத்துவ உதவியாளர் இருப்பார். நம்ம வேனில் டிரைவர் மட்டும். பின்னால் யார்? அழுதுகொண்டு வருகிற பெண்டாட்டி, ஒன்றும் புரியாமல் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிற மச்சான்.

எங்கள் பக்கத்தில் இதை லேசாக விட முடியாது. அறுவடை முடிந்து களத்திலும் திண்ணையிலும் தரையில் படுக்கிற ஊர் இது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் கடிக்கும். பெரிசாக வலிக்காது, வீங்காது. பல பேருக்குக் கடிபட்டதே தெரியாது. பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு விடுகிற தசையே ஓய்ந்துபோகும். அப்படி மூச்சு நின்றால் ஆஸ்பத்திரி போகும்வரை ‘ஆம்பு’ என்கிற மூச்சுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க ஒரு கை வேண்டும். இந்த வேனில் அந்தப் பை இருக்கிறது, பாலித்தீன் உறை பிரிக்காமல் அப்படியே அலமாரியில் இருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவன் எப்படி அதை அமுக்குவான்?

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, விருந்து முடிவில் மேடையில் என்ன அறிவித்தார்கள் தெரியுமா? அடுத்த இலக்கு இரண்டாவது வண்டியாம். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. எனக்குக் கை வரவில்லை. வண்டி வாங்கக் காசு கொடுக்க எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, கண்ணாடிக்கு மேல் பேர் வருமே. இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று, டிரைவர் சம்பளம் இதற்கெல்லாம் யார் பேரை எங்கே ஒட்டுவது? எஃப்.சி. எட்டு வருஷம் வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம். வண்டி பழசாக ஆகச் செலவு கூடிக்கொண்டேதான் போகும். பாத்திரக்கடையிலும் இதே கதைதான். புது அண்டா வாங்குகிற அன்றைக்குக் கடை முழுக்க ஆள் நிற்கும், ஈயம் பூசுகிற அன்றைக்கு நான் மட்டும்தான் நிற்பேன்.

இரண்டாவது வண்டிக்கு ஒதுக்குகிற பணத்தை முதல் வண்டிக்குள் ஒரு ஆளை உட்காரவைக்கச் செலவழியுங்கள். நர்சிங் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் நம்ம ஊர்களிலேயே இருக்கிறார்கள். ராத்திரி முறைக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர், சம்பளத்தோடு. இன்னொரு சிலிண்டரை ஆபீசிலிருந்து எடுத்து வண்டியில் மாட்டுங்கள், அதற்குக் காசே வேண்டாம். இதை விருந்தன்றே பொறுப்பில் இருக்கிற அண்ணனிடம் சொன்னேன். “ஆளுக்குச் சம்பளம்னா மாசா மாசம் வேணுமே தம்பி, விருந்து வருஷத்துக்கு ஒரு தடவைதானே” என்றார். நியாயமான பேச்சுதான். மாசச் சந்தா நோட்டு ஒன்று போடச் சொன்னேன், போட்டிருக்கிறார்கள். நூறு ரூபாயிலிருந்து வாங்குகிறார்கள். ஆனால் அதில் இதுவரை பேர் எழுதியவர்களைப் படிக்க ஒரு பக்கத்தைப் புரட்டவே வேண்டியதில்லை.

சந்தா கட்ட நினைக்கிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் ஆபீசுக்கு நேரில் போங்கள். போனில் பிடிக்க முடியாது.