பேலூர்ப் பாதையா, வாதாபிப் பாதையா? பெங்களூரிலிருந்து புறப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கு

தசரா விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: நான்கைந்து நாள் கிடைத்திருக்கிறது, வழிகாட்டியோடு பழைய கோயில்களையும் ஊர்களையும் பார்க்க வேண்டும், பேலூர்ப் பக்கம் போவதா, ஹம்பிப் பக்கம் போவதா? இரண்டு பாதைகளிலும் தலா இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். ஒருமுறை குழுவோடு பேருந்தில் போனேன். மறுமுறை அப்பா அம்மாவோடு வாடகைக் காரில் போனேன்.

முதலில் பேலூர்ப் பாதை. இதற்கு மூன்று நாள் போதும். பெங்களூரிலிருந்து ஹாசன் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். அங்கே தங்கிக்கொண்டு பேலூர், ஹளேபீடு, சிரவணபெளகுளா மூன்றையும் பார்த்துவிடலாம். திரும்பும்போது மேல்கோட்டை, ஸ்ரீரங்கப்பட்டணம், சோமநாதபுரம் வழியாக வரலாம். தசரா நாட்களில் மைசூரில் அறை கிடைப்பது கடினம் என்பதால் ஹாசனிலேயே இரண்டு இரவும் தங்குவது நல்லது. பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்களின் கோயில்களும் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அதன் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது.

பேலூர் சென்னகேசவர் கோயில் 1117இல் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் கட்டியது. அதற்குச் சற்று முன்புதான் அவன் தலக்காட்டைச் சோழர்களிடமிருந்து கைப்பற்றியிருந்தான். கோயில் முழுவதும் மாக்கல். வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு நாளடைவில் இறுகும் கல் அது. அதனால்தான் மதனிகைகள் எனப்படும் பெண் சிற்பங்களின் கழுத்து மாலைக்கும் மார்புக்கும் நடுவே இடைவெளி விட்டுச் செதுக்க முடிந்திருக்கிறது. கருங்கல்லில் வேலை செய்த நம் சோழச் சிற்பிகளுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு தாராசுரத்தை நினைத்துப் பார்த்தால் இரண்டின் மீதும் மதிப்புக் கூடும். ஹளேபீட்டுக் கோயிலின் வெளிச்சுவரில் அடியில் யானை வரிசை, அதற்கு மேல் சிங்கம், படர்கொடி, குதிரை, அதற்கும் மேல் ராமாயண, மகாபாரதக் காட்சிகள். வரிசை தெரிந்த வழிகாட்டி இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரமாகவே கண்ணில் படும். இங்கே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

இந்தப் பாதையில் என்னை மிகவும் தொட்டது சிரவணபெளகுளா. 57 அடி உயரக் கோமடேசுவரர் என்ற சமணச் சிலையின் காலடியில், கங்க அமைச்சன் சாவுண்டராயன் இந்தச் சிலையைச் செய்வித்தான் என்ற செய்தி கன்னடத்திலும் மராத்தியிலும் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்தது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டு மலையுச்சியில் நம் மொழி! முதல் முறை குழுவோடு போனபோது வழிகாட்டி இதைச் சொல்லவே இல்லை. இரண்டாம் முறை நானே கேட்டேன், உடனே காட்டினார். அறுநூறுக்கு மேற்பட்ட படிகளைச் செருப்பில்லாமல் ஏற வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் தொடங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். முடியாதவர்களுக்கு டோலி உண்டு. இதையும் மேல்கோட்டையின் மலைக்கோயிலையும் தவிர்த்துப் பார்த்தால் பேலூர்ப் பாதை பெரும்பாலும் சமதளம், முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம் இல்லை.

இனி வடக்கே, ஹம்பியைத் தாண்டி வாதாபி வரை போகும் பாதை. ஹம்பியை மட்டும் பார்ப்பவர்கள் பாதியில் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஹம்பி பெரியதுதான், மறுக்கவில்லை. விட்டலர் கோயிலின் கல் தேர், மகாநவமி மேடை, படிக்கட்டுக் குளம், இன்றும் பூசை நடக்கும் விரூபாட்சர் கோயில் எல்லாவற்றுக்கும் இரண்டு முழு நாள் வேண்டும். கிருஷ்ணதேவராயர் திருவண்ணாமலையில் எழுப்பத் தொடங்கிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, அந்தக் கட்டளை புறப்பட்ட தலைநகரைக் காண்பதே தனி அனுபவம். ஆனால் பல பேக்கேஜ் டூர்களில் ஹம்பிக்கு ஒன்றரை நாள் கொடுத்துவிட்டு, ஐஹொளே, பாதாமி, பட்டடக்கல் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். தமிழர்களுக்கு அந்த ஒரு நாள்தான் பெரிய இழப்பு.

பாதாமி என்பது வாதாபி. சிறுத்தொண்ட நாயனார் பரஞ்சோதியாக இருந்து பல்லவப் படை நடத்திய வாதாபி.

ஹம்பியிலிருந்து வரும் வழியில் முதலில் ஐஹொளே வரும். அங்கே குன்றின் மேல் உள்ள மேகுடிக் கோயில் சுவரில் 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் புலவன் ரவிகீர்த்தி பாடியது. தன் அரசனின் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் ஒளி மங்கிக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்கிறது அது. எட்டு ஆண்டு கழித்து, 642இல், பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் வாதாபியையே பிடித்தான். பாதாமியில் ஒரு பாறையில் அவனுடைய கல்வெட்டு சிதைந்த நிலையில் இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். வென்றவன் கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கொள்ளையிடவில்லை, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியைக் கைலாசநாதர் கோயில் தூணிலேயே கன்னடத்தில் வெட்டிவைத்துவிட்டுப் போனான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் விரூபாட்சர் கோயில் எழுப்பினாள். என் அப்பா காஞ்சிபுரத்துக்காரர். அந்தக் கோயிலுக்குள் நுழைந்ததும் விமானத்தைப் பார்த்துவிட்டு, "நம் கைலாசநாதர் ஜாடை" என்றார். வழிகாட்டி இன்னும் வாய் திறக்கவில்லை.

அதனால் வரிசை முக்கியம். ஹம்பியில் இரண்டு நாள், மூன்றாம் நாள் காலை கிளம்பி ஐஹொளே, இரவு பாதாமி. ஹம்பிக்கும் பாதாமிக்கும் இடையே 140 கிலோமீட்டர் அளவில்தான். நான்காம் நாள் முழுவதும் பாதாமிக்குக் கொடுங்கள். மூன்றாம் குகையின் கல்வெட்டு 578ஆம் ஆண்டைச் சேர்ந்தது, முதல் குகையின் பதினெட்டுக் கை நடராசர் முன்னால் அரைமணி நேரமாவது நிற்க வேண்டும். மாலையில் ஏரிக்கரையின் கிழக்கு முனையில் உள்ள பூதநாதர் கோயிலுக்குப் போனால், மேற்குச் சூரியன் விழுந்து கல் சிவந்து நிற்கும். ஐந்தாம் நாள் காலை பட்டடக்கல். கிழக்கு நோக்கிய விரூபாட்சருக்குக் காலை வெளிச்சமே பொருத்தம். பல்லவ நரசிம்மவர்மனின் பாறைக் கல்வெட்டைப் பயணத் திட்டத்தில் யாரும் தானாகச் சேர்ப்பதில்லை. எங்கள் வழிகாட்டியும் கேட்ட பிறகுதான் அழைத்துப் போனார்.

குழுப் பேருந்தா, தனிக் காரா? நான் போன ஒரு குழுச் சுற்றுலாவில் பட்டடக்கல்லுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள், ஆனால் வழியில் ஒரு புடவைக் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். மேகுடிக் குன்றில் ஏறவே இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. குழுவில் செலவு குறைவு. தனியாகப் போகும் முதியவர்களுக்குத் துணையும் பாதுகாப்பும் கிடைக்கும். பேலூர்ப் பாதைக்கு அது பரவாயில்லை, ஏனெனில் இடங்கள் நெருக்கமானவை, பேலூருக்கும் ஹளேபீட்டுக்கும் 16 கிலோமீட்டர்தான். வாதாபிப் பாதைக்கு அது ஒத்துவராது. நான்கு பேர் சேர்ந்தால் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் ஹொசபேட்டையில் இறங்கி, அங்கிருந்து கார் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியைத் தனித்தனியாக அமர்த்துங்கள். ஐந்து நாளும் ஒரே ஆள் கூட வந்தால் வசதிதான். ஆனால் பாதாமிப் பாறைகளுக்கு நடுவே வளர்ந்தவருக்குத் தெரிவது அவருக்குத் தெரியாது. பேசி முடிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: மேகுடிக்கு ஏறுவோமா? தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சின்னக் குழந்தைகள், நடக்க முடியாத பாட்டி, மூன்றே நாள் என்றால் யோசிக்காமல் பேலூர். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் ஐந்து நாளும் இருந்தால் வாதாபி. நான்கு நாள்தான் என்றால் ஹம்பியில் ஒரு நாளைக் குறையுங்கள், பாதாமியில் குறைக்காதீர்கள். ஹம்பிக்கு இன்னொரு வார இறுதியில் போய்விடலாம். மார்ச் முதல் மே வரை வடக்குப் பாதையே வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வழியில் காஞ்சிபுரத்தில் இறங்கி, கைலாசநாதர் கோயிலில் அந்தக் கன்னடத் தூண் எது என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். நாங்கள் பட்டடக்கல்லிலிருந்து திரும்பிய அடுத்த மாதமே போனோம். அப்பா தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.