மம்மிச்சாக்கா, ரிவுலஸா? ஆய்வுத் தொட்டிக்கு இரண்டு கரையோரக் கில்லி மீன்கள்

ஃபண்டுலஸ் ஹெட்டரோகிளைட்டஸ் என்னும் மம்மிச்சாக், கனடாவின் கிழக்குக் கரை முதல் வடகிழக்கு ஃப்ளோரிடா வரை உப்புச் சதுப்புகளில் வாழ்கிறது. கிரிப்டோலெபியாஸ் மர்மொராட்டஸ் என்னும் ரிவுலஸ், ஃப்ளோரிடாவிலும் கரீபியக் கரைகளிலும் உள்ள அலையாத்திக் காட்டு மீன். இரண்டையுமே ‘எதையும் தாங்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தாங்கும் விதம் வேறு. எதை வளர்ப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

மம்மிச்சாக் தண்ணீருக்குள் இருந்தே சமாளிக்கும்: நன்னீரும் சரி, கடல்நீரைவிட மூன்று மடங்கு உப்பும் சரி. கரையேறுவது அதன் முட்டைதான். அமாவாசை, பௌர்ணமி ஓதம் உச்சத்தில் இருக்கும்போது காலிச் சிப்பிக்குள்ளோ ஸ்பார்ட்டினா புல்லின் இலையிடுக்கிலோ முட்டையிடும். நீர் வடிந்தபின் கரு ஈரக்காற்றில் வளரும். அடுத்த பெரிய ஓதம் மூடியதும் முட்டையைச் சுற்றி ஆக்சிஜன் குறையும்; பொரிக்கத் தூண்டுவது அந்தக் குறைவே. ஆகவே முட்டைகளை ஈர வடிதாளில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, சுமார் இரண்டு வாரம் கழித்து உப்புநீரில் மூழ்கடியுங்கள். கரு முதிராமல் மூழ்கடித்தால் பொரிக்காது. குவித்து வைத்தால் செத்த முட்டையின் பூஞ்சை மற்றவற்றுக்கும் தொற்றும்.

ரிவுலஸ் நேர்மாறு, தண்ணீர் கெட்டால் தானே வெளியேறிவிடும். நண்டு வளையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏறினால் வாலால் உந்தித் துள்ளி, ஈர இலைக்குவியலிலோ உளுத்த மரத் துளையிலோ ஒதுங்கும். ஈரம் இருந்தால் 66 நாள் வரை தாங்கியிருக்கிறது. அப்போது செவுளின் வேலையைத் தோல் பார்க்கும். சுமார் 60 மில்லி தண்ணீர் ஊற்றிய மூடிய கோப்பை, லிட்டருக்கு 15 கிராம் உப்பு, 25 டிகிரி செல்சியஸ், கோப்பைக்கு ஒரு மீன்: இவ்வளவே தேவை. சேர்த்து விட்டால் கடித்துக்கொள்ளும். மூடி சரியாக இல்லாவிட்டால் காலையில் மேசையில் காய்ந்து கிடக்கும்.

இதன் பெரிய பலம், ஒரே உடலில் முட்டையும் விந்தும் உண்டாகித் தானே கருவுறுவது. 1961-இல் வெளியுலகுக்குத் தெரிந்த இந்த இயல்பு முதுகெலும்பிகளில் அபூர்வம். தலைமுறைகள் கடந்தால் ஏறத்தாழ ஒரே மரபணுவுள்ள வம்சம் கிடைக்கும்; சூழல் மட்டும் என்ன மாற்றுகிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான மீன் இல்லை. ஒரு எச்சரிக்கை: முட்டையை 20 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்தால், தானே கருவுற முடியாத ஆண்கள் பிறக்கலாம்.

மரபு வேறுபாடே உங்கள் கேள்வி என்றால் மம்மிச்சாக்கை எடுங்கள். அமெரிக்காவின் மாசடைந்த நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்திலும் எலிசபெத் ஆற்றிலும் உள்ள கூட்டங்கள், மற்ற இடத்து மம்மிச்சாக்கின் கருவைக் கொல்லும் நச்சிலும் பெருகுகின்றன. ஆனால் கூட்டமாக வாழும் பெரிய மீன் என்பதால் தொட்டியும் வடிகட்டியும் செலவு வைக்கும். குளிர்கால ஆய்வுக்கும் இதுதான். சதுப்புக் குட்டைச் சேற்றில் புதைந்து பனிக்காலத்தைக் கழிக்கும் மீன் இது.