த்ராட்டில் பாடி கிளீனிங்கில் ஆரம்பித்தார்கள், "டர்போ போச்சு" என்பதில் வந்து நின்றார்கள்

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடுங்கள். என்னுடையது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், 62,000 கிலோமீட்டர் ஓடியது. சர்வீஸுக்கு விட்டபோது வண்டியில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு "வண்டி அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார்கள். கடை கோவையில்தான். பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

ஆயில் மாற்றப் போன இடத்தில் அட்வைசர், "த்ராட்டில் பாடியில கார்பன் படிஞ்சிருக்கு சார், கழற்றி கிளீன் பண்ணிட்டா பிக்கப் நல்லா இருக்கும்" என்றார். இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் திறந்து மூடும் பாகம்தான் அது. 1,800 ரூபாய். பிக்கப்பில் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். அது என் தப்பு.

மறுநாள் காலையிலிருந்தே ஐடிலிங் (மிதிக்காமல் நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) 750-க்கும் 1,200 ஆர்பிஎம்முக்கும் இடையே ஊஞ்சலாடியது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குன்னூர் கிளம்பினோம். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது கியரில் மிதித்தால், சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கியதுபோல் முன்னாலிருந்து ஒரு 'புஸ்ஸ்ஸ்'. இழுவையே இல்லை. பின்சீட்டிலிருந்து மாமனார், "மாப்பிள்ளை, வண்டி மூச்சு வாங்குதே" என்றார். அவர் கார் ஓட்டியதே கிடையாது, ஆனால் இந்தக் கதையில் முதல் சரியான ஆய்வு அவருடையதுதான். பர்லியாறு வருவதற்குள் இன்ஜின் விளக்கு எரிந்துவிட்டது.

திரும்பக் கடைக்கு. ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் கோடு (குறியீடு) வந்தது. டர்போவிலிருந்து வண்டியின் கம்ப்யூட்டர் எதிர்பார்த்த காற்றழுத்தம் வரவில்லை என்பதுதான் இந்தக் கோடின் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஹோஸ் கிழிந்திருந்தாலும், கிளாம்ப் நழுவியிருந்தாலும், டர்போவைச் சுழற்றும் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் சரியாக மூடாவிட்டாலும் இதே கோடுதான் வரும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

முதலில் ஐடிலிங்கைப் பிடித்துக்கொண்டார்கள். "த்ராட்டில் மோட்டார் போயிடுச்சு, முழு பாடியும் மாத்தணும்." கூலியோடு 23,400. மாற்றினார்கள், ஐடிலிங் சரியானது. உண்மையில் மோட்டார் போகவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அழுக்கைத் துடைத்ததும் தட்டின் ஓரமாக உள்ளே போகும் காற்றின் அளவு மாறிவிடும். பழைய அளவையே மனதில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வழியாகப் புதிதாகப் பழக்கிக் கொடுக்க வேண்டும். கிளீன் செய்த அன்று அதைச் செய்யவில்லை. புதுசு போட்ட அன்று செய்தார்கள்.

'புஸ்' மட்டும் அப்படியே இருந்தது. காற்று எங்கேயாவது கசிகிறதா பாருங்கள் என்று நானே கேட்டேன். என் கண் முன்னால் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, டர்போவிலிருந்து த்ராட்டில் பாடிக்கு வரும் ஹோஸ் முழுக்க கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்தார் ஒருவர். "பாருங்க சார், ஆர்பிஎம் மாறவே இல்ல. லீக் கிடையாது. டர்போதான்." எஸ்டிமேட் 94,000.

நான் ஏமாந்த இடத்தில் யாரும் ஏமாறக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐடிலில் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் தட்டுக்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டு பக்கம்தான் இருக்கும். அங்கே ஓட்டை இருந்தால் ஸ்ப்ரே உள்ளே இழுபடும், ஆர்பிஎம் ஏறி இறங்கும். தட்டுக்கு முன்னால் உள்ள ஹோஸில் அந்த நேரத்தில் வெற்றிடமும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி அழுத்தமும் இல்லை. கட்டைவிரல் போகிற ஓட்டை இருந்தாலும் ஸ்ப்ரே ஒன்றும் காட்டாது. மிதித்து ஏறும்போதுதான் அங்கே அழுத்தம் வரும், காற்று வெளியே பீறிடும். அதாவது அவர் செய்த சோதனைக்கும் என் வண்டியின் குறைக்கும் சம்பந்தமே இல்லை. போதாக்குறைக்கு, சூடான டர்போ பக்கத்தில் எரியக்கூடிய ஸ்ப்ரே.

நண்பர் ஒருவர் சூலூர் பக்கம் ஒரு சின்ன ஷெட்டுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எதைக் கழற்றுனாங்க?" பிவிசி மூடியில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி அவரே செய்த அடைப்பு ஒன்று வைத்திருந்தார். ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, டர்போவின் வாயில் அதை மாட்டிக் கிளாம்ப் போட்டார். இன்ஜின் அடிப்பகுதிக்கு அழுத்தம் போய் ஆயில் சீல் பிதுங்கக் கூடாது என்று ஆயில் ஆவி வெளியேறும் பிரீத்தர் வழியையும் அடைத்தார். கம்ப்ரசரில் 10 பிஎஸ்ஐ-க்கு மேல் போகவில்லை. "அடைப்புக்கு நேரா நிக்காதீங்க தம்பி, தெறிச்சா பல்லு போயிடும்" என்றார்.

காற்று ஏறியதும் அதே 'புஸ்'. சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். த்ராட்டில் பாடியில் ஹோஸ் வந்து சேரும் இடத்தில், அடிப்பக்கம், நுரை பொங்கியது. கழற்றினால் உள்ளே ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மடங்கி, நசுங்கி, ஒரு இடத்தில் அறுந்தே போயிருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு வளையம். பிரீத்தரிலிருந்து வரும் ஆயில் ஆவி கசிகிற இடத்தில் இப்படித்தான் படியுமாம். குனிந்து பார்த்திருந்தால் ஸ்ப்ரேயே வேண்டாம். கிளீனிங்குக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது ரிங்கை மடக்கியிருக்கிறார்கள். 23,400-க்குப் புது பாடி போட்டபோதும் அறுந்த ரிங்கையே மறுபடி அழுத்தி மாட்டியிருக்கிறார்கள்.

ஓ-ரிங் 180 ரூபாய். கூலி 600. ஆயிரம் கொடுத்தேன், மீதியைத் திருப்பித் தந்தார்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டு அழுத்தம் 140 கிலோபாஸ்கலைத் தாண்டாமல் இருந்தது, இப்போது 190-ஐத் தொடுகிறது. வண்டி நன்றாக இருக்கும்போதே இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும்; கோவையில் அது 96 பக்கம் வரும், கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால். சென்னையில் 100-ஐ ஒட்டி வரும்.

அறுந்த ரிங்கை ஒரு கவரில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த சர்வீஸில் கூலியில் 20 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அடுத்த சர்வீஸாம்! 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு கிளீனிங் காசு 1,800 மட்டும் திரும்ப வந்தது. 23,400-க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை.

கழற்றிய பழைய த்ராட்டில் பாடியைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போய்விட்டதாம். ஆனால் பில்லில் எனக்குத் திருப்பித் தந்துவிட்டதாக டிக் போட்டிருக்கிறார்கள், அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.