ஊர்ப்பக்கம் வீடு கட்ட: நத்தமா, அப்ரூவ்டு மனையா, சொந்த வயலா?

"என் நிலத்தில் நான் வீடு கட்ட யாரைக் கேட்கணும்?" இதைச் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. ஆனால் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. வீட்டுக்கான அனுமதி இப்போது பெரிய தலைவலி இல்லை. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ மேலே ஒரு மாடியோ என்றால் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம். சிக்கல் எல்லாம் மனையில்தான். அந்த இடம் கிராமக் கணக்கில் நத்தமா, புஞ்சையா, நஞ்சையா, லேஅவுட் மனையா என்பதைப் பொறுத்து உங்கள் கதை மாறும்.

முதலில் நத்தம். கிராமத்தில் குடியிருப்புக்கென்றே விட்ட இடம் இது, அதனால் நில வகைப்பாட்டை மாற்ற யாரிடமும் போய் நிற்க வேண்டாம். தாத்தா வீடு இடிந்து கிடக்கும் இடம் பெரும்பாலும் இதில்தான் வரும். என்னைக் கேட்டால் பரம்பரையாக நத்தத்தில் இடம் இருக்கிறவர்கள் வேறு எதையும் தேட வேண்டியதே இல்லை. ஆனால் பட்டாவை எடுத்துப் பாருங்கள்: தோராயப் பட்டாவோடு (தற்காலிகமாகக் கொடுத்தது) நின்றிருக்கிறதா, தூய பட்டா (இறுதிப் பட்டா) வந்ததா, பெயர் இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறதா, பங்காளிகள் எத்தனை பேர். சண்டை வருவது அரசாங்கத்தோடு இல்லை, பக்கத்து வீட்டுச் சித்தப்பாவோடு. அதுவும் ஒரு முழம் சந்துக்காக. பொதுச்சுவரை இடிக்கும் அன்றைக்குத்தான் எல்லாருக்கும் பழைய எல்லை ஞாபகம் வரும். இன்னொன்று, வங்கிக் கடன். நத்தத்துக்கு முப்பது வருஷத்துக்கு முந்தைய பத்திரத் தொடர்ச்சி கிடைப்பது அபூர்வம் என்பதால் சில வங்கிகளின் வக்கீல்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

அடுத்தது டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம், அனுமதி கொடுத்த அப்ரூவ்டு மனை. விலை கூடுதல், உண்மைதான். அந்தக் கூடுதலில் என்ன வாங்குகிறீர்கள் என்றால், லேஅவுட் சாலை தானப்பத்திரம் மூலம் ஊராட்சிக்குப் போயிருக்கும், பெரிய லேஅவுட் என்றால் 10 சதவீதம் பூங்காவுக்கென்று விட்டிருப்பார்கள், எட்டு மனைக்கு மேலேயோ 500 சதுர மீட்டருக்கு மேலேயோ இருந்தால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்க வேண்டும். கடன் சுலபம், விற்பதும் சுலபம். குறை என்னவென்றால் ஊரோடு ஒட்டாது. நான்கு வழிச்சாலை ஓரமாகக் கொடிக்கம்பம் நட்டு, ஆர்ச் வைத்து, பேருந்து நிலையத்திலிருந்து "பத்தே நிமிடம்" என்று போட்டிருக்கும் இடங்களில் அக்கம்பக்கம் வீடு வரவே பல வருஷம் ஆகும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது "பஞ்சாயத்து அப்ரூவல்". தலைவர் முத்திரை குத்திக் கொடுத்த அந்தக் காகிதம் லேஅவுட்டுக்கான அனுமதியே இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான் பலருக்கு இது உறைத்தது. 2017-இல் வரன்முறை விதிகள், அதாவது அனுமதியில்லாத மனையைப் பிறகு முறைப்படுத்திக்கொள்ளும் விதிகள், வந்தன, 20.10.2016-க்கு முன்னால் விற்ற மனைகளுக்குத்தான் அந்த வாய்ப்பு. ஆகவே பழைய மனை ஒன்று மலிவாக வந்தால், வரன்முறை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அப்ரூவ்டு மனைக்கு அடுத்தபடியாக இதைத் தாராளமாக யோசிக்கலாம். "அப்புறம் பண்ணிக்கலாம் சார்" என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள், இல்லை நகர்ந்துவிடுங்கள்.

இப்போது சொந்த வயல். எல்லாரும் சுலபம் என்று நினைப்பதும் இதுதான், உண்மையில் கஷ்டமானதும் இதுதான். உங்கள் ஊர் மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதற்கு என்று அரசு போட்ட திட்டம்) எல்லைக்குள் விவசாய மண்டலமாக இருந்தால் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். எல்லைக்கு வெளியே இருந்தாலும் தப்பிக்க முடியாது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், அதற்காக 2017-இல் போட்ட விதிகளும் அங்கேயும் அனுமதி கேட்கின்றன. புஞ்சை என்றால் ஓரளவு நகரும். நஞ்சை என்றால் கலெக்டர், வேளாண் துறை என்று கோப்பு சுற்றிவர வேண்டும். வீட்டுக்கடனும் கிடைக்காது, ஏனென்றால் விவசாய நிலத்தை வங்கி சர்ஃபேசி சட்டத்தில் (கடன் கட்டாதவரின் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ளும் சட்டம்) ஜப்தி செய்ய முடியாது, அவர்கள் ஏன் கொடுக்கப் போகிறார்கள்? கேரளாவில் இதைவிடக் கறார்: 2008 நெல்வயல் சட்டப்படி, வீடு கட்ட வேறு இடமே இல்லாத சொந்தக்காரருக்குத்தான் வயலில் அனுமதி, அதுவும் ஊராட்சியில் 10 சென்ட் வரைக்கும்தான். அதோடு பார்த்தால் நம்முடையது பரவாயில்லை என்றுகூடத் தோன்றும். (டெல்டாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு மாதிரியான தொழில்களைத் தடுப்பது, உங்கள் வீட்டை இல்லை.)

வயலின் இன்னொரு வேஷம்தான் இப்போது ஓடும் "ஃபார்ம் லேண்ட்" மனைகள். பத்து சென்ட், சுற்றிலும் வேலி, நாலு மாங்கன்று, வார இறுதியில் போய் உட்காரலாம் என்று நோட்டீஸ். பத்திரத்தில் அது விவசாய நிலம், பட்டா பல இடங்களில் கூட்டுப் பட்டா, எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தைத் திறந்தால் உங்கள் பத்து சென்டுக்கு அதில் கோடே இருக்காது. மண் சாலையும் யார் பெயரிலோ இருக்கும். அங்கே மாங்கன்று வைக்கலாம், தளம் போட முடியாது. நான் இதைப் பட்டியலில் கடைசியில்கூடச் சேர்க்க மாட்டேன்.

குடிசையை மாற்றிக் கட்டுகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது, 360 சதுர அடி வீடு. ஆனால் அதற்கும் இடம் தங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதால் முதல் வேலை பட்டாதான்.

நஞ்சையைத் தவிர வேறெதுவும் இல்லை, ஊரிலேயேதான் இருக்கணும் என்கிறவர்கள் மனு போடுவதற்கு முன்னால் சொந்தத்துக்குள் விசாரித்துப் பாருங்கள். நத்தத்தில் பூட்டிக் கிடக்கும் பங்கு யாரிடமாவது இருக்கும், ஊருக்கு வராத அண்ணனோ அத்தை மகனோ. வயலில் ஒரு துண்டைக் கொடுத்து அதை வாங்கிப் பரிவர்த்தனைப் பத்திரம் போடுவது, கோப்புக்குப் பின்னால் அலைவதைவிடச் சீக்கிரம் முடியும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவருடைய அக்கா தங்கைகளுக்கும் பங்கு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.