துணி ஊஞ்சல்: 8 மாதம் மாட்டிப் பார்த்தபின்

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நைலானும் ஸ்பேன்டெக்ஸும் கலந்த, இழுத்தால் நீளும் துணி. இரண்டாக மடித்து மேலே கொக்கியில் மாட்டினால் நடுவில் ஒரு பை விழும். பிள்ளை அதற்குள் ஏறிச் சுருண்டுகொள்ளலாம். துணி நாலாபக்கமும் உடம்பை இறுக்கிப் பிடிக்கும். 'சென்சரி ஸ்விங்' என்று விற்கிறார்கள். பிரித்ததுமே என் அம்மா, "தூளிதானேடா இது, இதைப் போய்க் காசு குடுத்தா வாங்குன?" என்றார். வடிவத்தில் தூளிதான். ஆனால் 9 வயதுப் பிள்ளை உள்ளே குதித்தால் தாங்க வேண்டுமே.

வாங்கியது என் மகளுக்காக. அவளுக்கு ஆட்டிசமும், கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்றிருக்கும் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. பள்ளியில் அவள்மேல் ஒரு புகார் கிடையாது. "இருக்கிற இடமே தெரியாது சார்" என்பார் வகுப்பாசிரியை. அதே பிள்ளை வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது வெடிப்பாள். சாக்ஸ் தையல் விரலில் உறுத்தியிருக்கும், தம்பி அவள் இடத்தில் உட்கார்ந்திருப்பான், அல்லது நான் "இன்னைக்கு என்ன பாடம்மா?" என்று கேட்டிருப்பேன். அலறல், பை பறக்கும், தன் கையையே கடித்துக்கொள்வாள். "வீட்டில் புலி, வெளியில் எலி" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஆகாது. மணிச் சத்தம், ட்யூப்லைட் மினுக்கல், வகுப்பு இரைச்சல், எதிரில் நிற்பவர் கோபப்படுகிறாரா விளையாடுகிறாரா என்று ஓயாத கணக்கு. இத்தனையையும் குடம்போலத் தலையில் வைத்துத் தளும்பாமல் சுமந்து வருகிறாள். இறக்குகிற இடத்தில்தானே கொட்டும்?

அடம் வேறு, இது வேறு. அடம்பிடிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் அடங்கும். இதில் அவள் எதையும் கேட்பதே இல்லை. ஒருமுறை பதற்றத்தில் என் போனை நீட்டினேன். சுவரில் போய் விழுந்தது.

ஊஞ்சலுக்கு முன்னால் எடைப் போர்வை ஒன்று வாங்கியிருந்தோம், உடம்பை அழுத்துவதற்கென்றே கனமாகத் தைத்த போர்வை. 2014-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வொன்றில், ஆட்டிசமுள்ள 67 பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது தூக்க நேரம் கூடவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்ததாம். என் மகளுக்கு அந்தப் பிடித்தமும் இல்லை. புழுக்கம் தாங்காமல் உதைத்துத் தள்ளினாள். ஆனால் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து இறுகி உட்காருவாள். அதைக் கேட்டுத்தான் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் இந்த ஊஞ்சலைச் சொன்னார். அழுத்தம் சிலருக்கு அமைதி தரும் என்பது பழைய சங்கதி. ஆட்டிசமுள்ள அமெரிக்கக் கால்நடை விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், மாடுகளை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைத் தன் அத்தையின் பண்ணையில் பார்த்துவிட்டு, 18 வயதில் தனக்கே அப்படியொன்றைச் செய்துகொண்டார். அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

இனிக் குறைகள். பெட்டியில் வந்த கொக்கி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கிறீச்சிட்டது. சத்தம் ஆகாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பொருளைச் செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டாமா? வேறு கொக்கி வாங்கி மாட்டினேன். புதுத்துணி வாடைக்கு அவள் ஒரு வாரம் கிட்டவே வரவில்லை. மூன்று முறை துவைத்தபின்தான் தொட்டாள். கூடவே ஒரு சுழல் வளையமும் வந்தது. அதைப் போட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. பம்பரமாகச் சுற்றி, இறங்கும்போது முன்னைவிட முறுக்கேறி நின்றாள். மெதுவாக முன்னும் பின்னும் ஆடினால்தான் உடம்பு அடங்கும், சுழன்றால் உசுப்பிவிடும் என்று தெரபிஸ்ட் பிறகு விளக்கினார். வளையத்தைக் கழற்றிவிட்டு இரண்டு கொக்கியில் பிரித்துக் கட்டினேன். இப்போது சுற்றாது.

மின்விசிறிக் கொக்கியில் தயவுசெய்து மாட்டாதீர்கள். ஆடும்போது விழும் பாரம் பிள்ளையின் எடையைவிட அதிகம். கான்கிரீட் கூரையில் ஆங்கர் போல்ட் அடிக்க, வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கீழே மெத்தை வேண்டும். தானாக ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான். அப்போதும் பெரியவர் ஒருவர் கண் பார்வையில் இருக்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். கால் தரையை விட்டால் மிரளும் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவராது.

பலன் இருந்ததா? இருந்தது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. கத்தத் தொடங்கியபின் தூக்கி உள்ளே வைத்தால் அடங்குவாள் என்று நம்பித்தான் வாங்கினேன். ஒருநாள் அப்படியே செய்தும் பார்த்தேன். என் மூக்கில் உதை விழுந்ததோடு, பத்து நாள் அந்தப் பக்கமே அவள் போகவில்லை. வெள்ளம் வந்தபின் அணை கட்டப் போன கதை. இன்னொரு நாள் என் அம்மா கோபத்தில், "போ, போய் அதுல உக்காரு" என்று அதட்டிவிட்டார். ஊஞ்சல் தண்டனையாகிவிட்டது. மறுபடி அதை அவளுடைய இடமாக்க ஒரு மாதம் பிடித்தது.

இப்போது வழக்கம் வேறு. வந்ததும் ஷூவோடு நேராக உள்ளே போய்விடலாம். விளக்கை அணைத்துவிடுவேன். அரைமணி நேரம் யாரும் கேள்வி கேட்பதில்லை, "எப்படி இருந்துச்சு ஸ்கூல்?" உட்பட. அவளாகக் கையை வெளியே நீட்டினால் துணியோடு சேர்த்து ஒருமுறை அழுத்திக் கொடுப்பேன். வாரத்தில் நாலு நாள் வெடித்தவள் இப்போது ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி ஆசிரியையிடம் பேசியதும் இதே சமயத்தில்தான். ஆகவே எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை. கேள்விகளை நிறுத்தியதற்குப் பாதி மதிப்பெண் கொடுப்பேன். அதற்குக் காசும் செலவில்லை. ஆனால் ஊஞ்சல் இல்லாவிட்டால் நான் வாயை மூடியிருக்கமாட்டேன். அவள் முகம் தெரியாததால்தான் என் கேள்விகள் அடங்கின.

துணி இன்னும் கிழியவில்லை, சாயமும் போகவில்லை. அவள்தான் வளர்ந்துவிட்டாள், முழங்கால் வெளியே முட்டுகிறது. அடுத்த அளவு வாங்க வேண்டும். அதே கருநீலம்தான் வேண்டுமாம், வாங்கிவந்ததும் மூன்று முறை துவைத்தும் தர வேண்டுமாம்.